சம்பந்திக்கு வாங்கிய பீர்

இது ஆவணியில் நடந்ததா புரட்டாசியில் நடந்ததா என்பதில் எனக்கு உறுதி இல்லை. மனசில் புரட்டாசி என்றுதான் பதிந்திருக்கிறது. ஆனால் அன்றைக்கு அந்த வீட்டில் கோழி அடித்துக் குழம்பு வைத்தார்கள் என்பது நிச்சயம். புரட்டாசியில் ஆத்மநாதன் மனைவி சொர்ணவல்லி முட்டையைக்கூட வாசல்படி தாண்ட விடமாட்டாள். ஆகவே ஆவணியாகத்தான் இருக்க வேண்டும். பாதிக் கதை ஆத்மநாதன் சொல்லிக் கேட்டது, பாதி அவர் கடைக்கு வந்துபோகும் சவரியப்பன் சொல்லிக் கேட்டது. ஆத்மநாதன் சொன்னதில் இடைவெளி அதிகம். சவரியப்பன் சொன்னதில் அலங்காரம் அதிகம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய இப்படித்தான் நடந்திருக்கும் என்று படுகிறது.

ஆத்மநாதனுக்குப் புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில், மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை. ஐ.டி.ஐ. படித்தவர். எந்த மோட்டார் வந்தாலும் அந்தக் கம்பெனியின் கையேட்டை எடுத்துப் பார்க்காமல் திருப்புளியைத் தொடமாட்டார். எத்தனை சுற்று, எந்தக் கனத்துக் கம்பி, எந்த பேரிங் என்று புத்தகத்தில் விரலை வைத்துப் படித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார். மற்ற கடைக்காரர்கள் கண்ணால் பார்த்தே சுற்றிவிடுவார்கள். அவருக்குக் குத்துமதிப்பு என்றாலே ஆகாது. பேச்சும் அப்படித்தான். எந்தப் புத்தகத்திலும் எழுதியிராத விஷயங்களைப் பற்றி அவர் வாய் திறந்து யாரும் கேட்டதில்லை. வீட்டில் அவர் சாப்பிட்டாரா இல்லையா என்பதையே தட்டு நகரும் சத்தத்தை வைத்துத்தான் சொர்ணவல்லி தெரிந்துகொள்வாள்.

அவர்களுக்கு ஒரே மகள், இளமதி. மருந்தாளுநர் படிப்பு படித்து, கீரனூரில் ஒரு மெடிக்கலில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவளைக் கறம்பக்குடி முத்துராமன் மகன் விக்ரமுக்குக் கொடுத்தார்கள். விக்ரம் சிங்கப்பூரில் வேலையாக இருந்தான். கல்யாணம் முடிந்து ஒரு மாதம் இருந்துவிட்டுப் போனவன், பிறகு இரண்டு முறை வந்தான். வேலை எதற்கு என்று மாமியார் சொன்னதால் இளமதி மெடிக்கலை விட்டுவிட்டுக் கறம்பக்குடியிலேயே இருந்தாள். இந்தச் சித்திரைத் திருவிழாவுக்கு அப்பன் வீட்டுக்கு வந்தவள், ஆவணி பிறந்தும் திரும்பிப் போகவில்லை.

ஆரம்பத்தில் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஆனி முடியும் சமயத்தில் ஒருநாள், கடையில் அப்பா தனியாக இருக்கும்போது வந்து, கம்பிச் சுருள்களுக்கு நடுவே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அங்க என்னை யாரும் அடிக்கலப்பா. திட்டக்கூட இல்ல. அத்தை, மாமா ரெண்டு பேரும் நல்லவங்கதான். ஆனா பேச ஆளில்ல. அவரு போன் பண்ணா அத்தைகிட்ட பேசிட்டு வச்சிருவாரு. எளமதி எங்கன்னு ஒரு வார்த்தை கெடையாது. ஒருநாள் அத்தை போனை என் கையில குடுத்தாங்க. ம், சொல்லுன்னாரு. நான் என்னத்தச் சொல்ல? நான் சும்மா இருந்தேன். அவரும் சும்மா இருந்தாரு. அப்புறம் கட்டாயிருச்சு."

ஆத்மநாதன் கையிலிருந்த கம்பியைச் சுற்றிக்கொண்டே இருந்தார். எண்ணிக்கை தப்பிவிட்டது என்று அவருக்குத் தெரிந்தது. நிறுத்தவில்லை.

"மூணு வருசம் பாத்துட்டேன். இனிமே போக மாட்டேன். மாமா வந்து கூப்புட்டா நீங்கதான் சொல்லணும். நான் சொன்னா திமிருன்னு ஆயிரும். அம்மா சொன்னா சண்டையாயிரும்."

"சொல்லிடுறேன்" என்றார் ஆத்மநாதன்.

"சத்தியமா?"

"சொல்லிடுறேன்மா."

அவள் போன பிறகு அந்தக் காயிலைப் பிரித்து முதலிலிருந்து சுற்றினார். பேச ஆளில்லாத வீடு எப்படி இருக்கும் என்று அவரால் நினைத்துப் பார்க்க முடிந்தது. அப்படி ஒரு வீட்டில்தான் அவள் பிறந்து வளர்ந்தாள்.

ஆவணியில் முத்துராமன் போன் செய்தார்.

"சம்பந்தி, ஞாயித்துக்கெழம வாரேன். வீட்டுல அவளுக்கும் முடியல, மருமகளத் தேடுறா. பேசிட்டுக் கையோட கூட்டிட்டுப் போயிறேன்."

"வாங்க வாங்க" என்றார் ஆத்மநாதன். அதற்கு மேல் ஒன்றைச் சொல்ல நினைத்து, போனை வைத்துவிட்டார். நேரில் சொல்வதுதான் மரியாதை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண் கேட்டுப் போனாலும் சரி, பிறந்த வீட்டில் தங்கிவிட்ட பெண்ணை அழைக்கப் போனாலும் சரி, பேச்சு முடியும்வரை போனவர் அந்த வீட்டில் கை நனைக்கக் கூடாது. சாப்பிட உட்கார்ந்துவிட்டால் காரியம் முடிந்தது, இரண்டு பக்கமும் சம்மதம் என்று அர்த்தம். அதன் பிறகு இல்லை என்று சொன்னால், வீட்டுக்குள் அழைத்து வைத்து அடித்த மாதிரி. உறவு தலைமுறைக்கும் ஒட்டாது.

சொர்ணவல்லி இதில் கண்டிப்பானவள். "கோழி அடிக்கிறேன். வந்த மனுசனப் பட்டினி போட முடியாது. ஆனா நீங்க பேசி முடிக்கிற வரைக்கும் எலை போட மாட்டேன், சொல்லிட்டேன். எளமதி போகலன்னு சொல்லி, அதுக்கப்புறமும் அவரு உக்காந்து சாப்புட்டார்னா அது அவரோட பெருந்தன்மை. சொல்லுவீங்கள்ல?"

"ம்."

"இந்த ம்முக்கு ஒண்ணும் கொறைச்சல் இல்ல."

அந்த வாரம் சவரியப்பனின் நீர்மூழ்கி மோட்டார் கடையில் கிடந்தது. சவரியப்பன் மஸ்கட்டில் ஒரு பெரிய ஓட்டலில் நெடுங்காலம் பரிமாறும் வேலை பார்த்துவிட்டு வந்து, இப்போது தென்னந்தோப்பு வைத்திருப்பவர். சம்பந்தி வருகிறார் என்று ஆத்மநாதன் சொன்னதும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"கல்யாணத்துலயே பாத்தேன்ண்ணே. அவரும் மகன் மாதிரி சிங்கப்பூர்ல வேலை பாத்துட்டு வந்தவருதானே. மண்டபத்துக்குப் பின்னாடி பயலுக பீர் பாட்டிலை நீட்டுனானுக. இதெல்லாம் ஒரு பீரா, சிங்கப்பூர்ல குடிச்சுப் பாக்கணும்டான்னு மூஞ்சியச் சுளிச்சிட்டுப் போனாரு. நமக்கு ஸ்ட்ராங்கு, லைட்டு, கூலிங்கு, சாதா, இந்த நாலுதான் தெரியும். அவருகிட்ட அதக் கொண்டுபோயி வைக்க முடியுமா? இருங்க, என்கிட்ட ஒண்ணு இருக்கு."

மறுநாள் அவர் கொண்டுவந்தது சட்டைப் பையில் அடங்கும் ஒரு சின்னப் புத்தகம். உலகத்து பீர்களைப் பற்றிய ஆங்கிலக் கையேடு. ஓட்டல் மேனேஜர், வெள்ளைக்காரர்கள் கேட்டால் பதில் சொல்லத் தெரிய வேண்டும் என்று பரிமாறுகிறவர்களுக்கு வாங்கிக் கொடுத்ததாம். தேசவாரியாகப் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் நட்சத்திரம், நிறம், வாசம், ருசி, எதனோடு சாப்பிடலாம், எவ்வளவு குளிர வைக்க வேண்டும் என்று இரண்டு மூன்று வரிகள்.

ஆத்மநாதன் அதைக் கையில் வாங்கிய கணத்தில் அவர் தோள் கொஞ்சம் இறங்கியதாகச் சவரியப்பன் சொல்வார். இது அலங்காரம் இல்லை என்று நினைக்கிறேன். சம்பந்தியிடம் சொல்ல வேண்டிய வாக்கியத்தை அவர் பல நாளாக மனசுக்குள் கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். எப்படிக் கட்டினாலும் எங்காவது ஒரு முனை பிய்த்துக்கொண்டு நின்றது. அதற்கெல்லாம் கையேடு கிடையாது. இதற்கு இருந்தது. நல்ல பீராக வாங்கி வைத்தால், மனுஷன் மனசு இளகும். இளகின நேரம் பார்த்துச் சொல்லிவிடலாம். இலை போட்டால்தானே கை நனைத்ததாக ஆகும்? பீர் சோற்றில் சேராது. இப்படியாக அவர் கணக்குப் போட்டார். இதைச் சொர்ணவல்லியிடம் கேட்டிருந்தால் ஒரு நொடியில் பதில் கிடைத்திருக்கும். கேட்கவில்லை.

வாரம் முழுக்கக் கடையில் அந்தப் புத்தகத்தைத்தான் படித்தார். வயசில் இரண்டொரு தடவை பீர் குடித்திருக்கிறார், ருசி நினைவில் இல்லை. ஒரு பீரில் வாழைப்பழ வாசமும் கிராம்பு வாசமும் வரும் என்று போட்டிருந்தது. இன்னொன்றில் கருகின ரொட்டி. ஒன்று குடித்து முடித்த பின் நாக்கில் 'ட்ரை'யாக நிற்கும் என்று இருந்தது.

"தண்ணியா இருக்குறது எப்படிய்யா காஞ்சுபோகும்?" என்று சவரியப்பனைக் கேட்டார்.

"அது அப்படித்தாண்ணே எழுதுவானுக. கெஸ்ட்டு கேட்டா நானும் தலைய ஆட்டிக்கிட்டு ட்ரை சார், வெரி ட்ரை சாரும்பேன். ஒருநாளும் எனக்கு வெளங்குனதில்ல. டிப்ஸ் மட்டும் வந்துச்சு."

புதுக்கோட்டையில் அந்தப் புத்தகத்தில் இருந்த எதுவும் கிடைக்காது. சனிக்கிழமை கடையைப் பூட்டிவிட்டு இருவரும் திருச்சிக்குப் பஸ் ஏறினார்கள். அங்கே கண்ணாடிக் கதவும் ஏசியும் போட்ட பெரிய கடை ஒன்றில் வெளிநாட்டுச் சரக்கு வைத்திருந்தார்கள். ஆத்மநாதன் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பாட்டிலாக எடுத்துப் பார்த்தார். பெயர் எதுவும் வாயில் நுழையவில்லை. எழுத்தெழுத்தாக ஒத்துப் பார்த்தார். புத்தகம் பழசு. அதில் இருந்ததில் பெரும்பாலானது கடையில் இல்லை, கடையில் இருந்ததில் பெரும்பாலானது புத்தகத்தில் இல்லை.

"என்ன சார், பரிட்சைக்குப் படிக்கிறீங்களா?" என்றான் கடைக்காரப் பையன்.

"சம்பந்திக்குப்பா" என்றார் சவரியப்பன். "பொண்ணு குடுத்த எடம்."

"அப்ப விஸ்கி வாங்கிருங்க. பேச்சே இருக்காது."

"அவரு பீரத் தவிர தொடமாட்டாரு."

கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று கறுப்பு பீர், புத்தகத்தில் முழு நட்சத்திரம் வாங்கினது. இன்னொன்று கோதுமையில் செய்தது. அதற்கு ஒரு நட்சத்திரம் குறைவு.

"கறுப்பு வேணாம்ண்ணே. நல்ல காரியம் பேசுற எடத்துல கறுப்ப வைக்கலாமா?" என்றார் சவரியப்பன்.

நல்ல காரியமா என்று ஆத்மநாதன் நினைத்துக்கொண்டார். கோதுமை பீர் பக்கத்தை மறுபடி படித்தார். கோழிக்கும் காரமான சாப்பாட்டுக்கும் நன்றாகப் போகும் என்று இருந்தது. அதையே எடுத்தார்.

திரும்பும்போது பாட்டில்களைப் பேப்பரில் சுற்றி மஞ்சப்பையில் போட்டு மடியில் வைத்திருந்தார். ஒவ்வொரு வேகத்தடையிலும் பை கலகலத்தது. முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். கீரனூர் வந்தபோது, இளமதி வேலை பார்த்த மெடிக்கலின் பச்சைப் பலகை ஜன்னலுக்கு வெளியே போயிற்று. திரும்ப வரச் சொல்லி அந்தக் கடைக்காரர் அவளுக்குப் போன் செய்திருந்தது ஆத்மநாதனுக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு, மிகவும் சில்லென்று கொடுக்கக் கூடாது, உயரமான கிளாஸில் சாய்த்து ஊற்ற வேண்டும், அடியில் நிற்கும் வண்டலை ஒரு சுழற்றுச் சுழற்றிச் சேர்க்க வேண்டும் என்று மனப்பாடம் செய்துகொண்டு வந்தார்.

ஃபிரிஜ்ஜைத் திறந்த சொர்ணவல்லி, "பால் வைக்கிற எடத்துல என்னங்க இது?" என்றாள். "சம்பந்திக்கு" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். சாப்பாட்டுக்கு வாங்கினது என்று அவள் எடுத்துக்கொண்டாள். பேச்சு முடிந்தபின் கொடுப்பார் என்றுதான் அவளும் நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை முத்துராமன் பதினொரு மணிவாக்கில் வந்தார். வெள்ளை வேட்டி, கையில் ஆப்பிளும் மல்லிகைப் பூவும். மருமகளிடம் பூவைக் கொடுத்து, "நல்லா இருக்கியா ஆத்தா?" என்று கேட்டார். அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். சொர்ணவல்லி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"இருக்கட்டும் தங்கச்சி, இருக்கட்டும்."

"காப்பியாவது..."

"பேசிட்டுக் குடிப்போம்."

சொம்பு டீப்பாய் மேல் அப்படியே இருந்தது. இரண்டு ஆண்களும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். மழை பெய்யவில்லை என்றார் முத்துராமன். ஆமாம் என்றார் ஆத்மநாதன். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. முத்துராமன் தொண்டையைச் செருமினார், பேச்சை ஆரம்பிக்கத்தான். அந்தச் செருமலைக் கேட்டதும் ஆத்மநாதன் எழுந்துவிட்டார்.

"இங்கிட்டு வாங்க சம்பந்தி. ஒங்களுக்குன்னு ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன்."

அடுக்களையை ஒட்டின அறையில் இரண்டு நாற்காலி போட்டிருந்தார். பாட்டிலைத் திறந்து, கிளாஸைச் சாய்த்துப் பிடித்து ஊற்றினார். அடியில் நின்ற கடைசி விரற்கடை பீரைச் சுழற்றிச் சேர்த்தார். நுரை சரியாக விளிம்பில் நின்றது. கிளாஸுக்குள் பழுத்த மஞ்சளாக, கலங்கலாக இருந்தது.

முத்துராமன் கிளாஸைக் கையில் வாங்கினார். குடிக்கவில்லை. ஆத்மநாதனின் முகத்தைப் பார்த்தார்.

"நான் இதக் குடிக்கலாமா சம்பந்தி?"

"தாராளமா."

"இல்ல, கேக்குறேன். குடிக்கலாம்ல?"

"ஒங்களுக்குன்னே திருச்சி போயி வாங்கியாந்தது. குடிங்க."

முத்துராமனின் முகம் தெளிந்தது. பெருமூச்சு விட்டார். பாதிக் கிளாஸை ஒரே மூச்சில் குடித்துவிட்டு மீசையைத் துடைத்தார். அவர் கேட்டது பீரைப் பற்றி இல்லை. அடுக்களையில் கேட்டுக்கொண்டிருந்த இரண்டு பெண்களுக்கும் அது விளங்கியது. சொர்ணவல்லி கரண்டியைக் கீழே வைத்தாள். அறைக்குள் இருந்தவருக்கு மட்டும் விளங்கவில்லை. அவருக்கு நுரை நன்றாக வந்த நிம்மதி.

"என்ன சம்பந்தி, கலங்கலா இருக்கு? கெட்டுப்போச்சா?"

"இல்லல்ல. அது அப்படித்தான் இருக்கும்" என்று ஆரம்பித்தார் ஆத்மநாதன். பிறகு அவர் பேசினதுபோல் அவர் ஆயுளில் பேசினதில்லை. இது வாற்கோதுமையோடு சாதாக் கோதுமையும் சேர்த்துச் செய்வது என்றார். வடிகட்டாமல் விடுவதால் ஈஸ்ட் அடியில் தங்குகிறது, கலங்கல் அதனால்தான், குறை இல்லை என்றார். மோந்து பாருங்கள், வாழைப்பழ வாசம் வரும், வாழைப்பழம் போட்டதில்லை, புளிக்கிறபோது தானாக வருவது என்றார். எந்தச் சூட்டில் புளிக்க வைத்தால் மேலே நுரைக்கும், எதில் கீழே தங்கும் என்றார். பெல்ஜியத்தில் ஒரு மாதிரி, ஜெர்மனியில் ஒரு மாதிரி என்றார். கை அசைத்துப் பேசினார். ஒரு இடத்தில் சிரித்தார்கூட.

இளமதி அடுக்களைக் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பாவின் குரல் இவ்வளவு நேரம் தொடர்ந்து ஒலிப்பதை அவள் முதல்முறையாகக் கேட்கிறாள். கேட்கக் கேட்க அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. சொர்ணவல்லி பார்த்துவிட்டு, வெங்காயம் உரிக்கிற பாவனையில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இரண்டாவது பாட்டிலில் முத்துராமனின் குரல் தளர்ந்தது.

"ஒரு உண்மையச் சொல்லட்டுமா சம்பந்தி? நான் சிங்கப்பூர்ல இதெல்லாம் குடிச்சதே இல்ல. ஞாயித்துக்கெழமையில நம்ம ஆளுக கூடுற தேக்காவுக்குப் போயி, புல்தரையில உக்காந்து, ஆளுக்கு ஒரு டின்னு. எது மலிவோ அது. ஊருக்கு வந்தா பயலுக வாயப் பாத்துக்கிட்டு நிப்பானுக. எதையாவது சொல்லணும்ல. வீட்டுக்கு போன் பண்ணா என்ன பேசுறதுன்னு தெரியாது. சாப்டியா, மழை பேஞ்சுச்சா, வச்சிரவா. இதே பேச்சுதான் எனக்கும் அவளுக்கும். அந்தப் பயலும் அப்படியே வந்துட்டான். என்னத்தப் பண்ண."

ஆத்மநாதன் கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். சம்பந்தியின் மனசு இளகிவிட்டது. இதுதான் அந்த நேரம். வாயைத் திறந்தார். வாக்கியத்தின் முதல் சொல் வரவில்லை. புத்தகத்திலிருந்து இன்னும் ஒரு விஷயம் மிச்சமிருந்தது, கிளாஸின் வடிவத்தைப் பற்றி. அதைச் சொன்னார்.

முத்துராமன் கிளாஸைக் கீழே வைத்தார். "சரி சம்பந்தி. மனசு நெறஞ்சுபோச்சு. வரும்போது பயந்துக்கிட்டே வந்தேன். நீங்க பெரிய மனுசன்." உள்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஆத்தா எளமதி, துணிமணிய எடுத்து வச்சுக்க. சாப்புட்டுட்டுக் கெளம்புவோம். கார் சொல்லிருக்கேன்."

ஆத்மநாதன் நிமிர்ந்தார். கதவோரம் மகள் நின்றிருந்தாள். அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இதக் குடிக்கலாமா என்று சம்பந்தி கேட்டது இப்போதுதான் அவருக்கு உறைத்தது. தான் சொன்ன பதிலும் உறைத்தது.

"பயகிட்டயும் சொல்லிருவோம்" என்று முத்துராமன் போனை எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்தார். மணி அடித்தது. நீளமாக அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி போட்டார். மறுபடி அடித்தது. நான்கு பேரும் அந்த மணியைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, வேலை இல்லாத நாள். அது எல்லோருக்கும் தெரியும்.

"வச்சிருங்க சம்பந்தி" என்றார் ஆத்மநாதன்.

"எடுப்பான், இருங்க."

"வச்சிருங்க. அவ வரமாட்டா."

முத்துராமன் திரும்பினார்.

"எம் பொண்ணு இனிமே அங்க வரமாட்டா. அனுப்ப மாட்டேன். மொதல்லயே சொல்லியிருக்கணும். எனக்கு... எனக்குச் சொல்ல வரல. அதுக்குத்தான் பீர் வாங்குனேன்."

மணி தானாக நின்றது. குழம்பின் வாசம் மட்டும் அறைக்குள் வந்துகொண்டிருந்தது.

"நான் கேட்டேன்ல" என்றார் முத்துராமன் மெதுவாக. "ரெண்டு தடவ கேட்டேன். தண்ணியக்கூடத் தொடாம உக்காந்திருந்தேன். என்னை உள்ள கூட்டியாந்து, கை நனைக்க வச்சுட்டு, அப்புறமா சொல்றீங்க. எங்க ஊருல நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நடக்குறது?"

ஆத்மநாதன் தலையைக் குனிந்துகொண்டார். சொர்ணவல்லி முன்னால் வந்து, "அண்ணே, அவருக்குக் கள்ளம் கெடையாது. வெவரம் பத்தலண்ணே. சோறுன்னாதான் கணக்குன்னு நெனச்சுட்டாரு" என்றாள்.

"பீருன்னா கணக்கு இல்லையாமா?"

"எனக்குத் தெரிஞ்சா விட்டிருப்பனா?"

முத்துராமன் மடியில் கிடந்த போனைப் பார்த்தார். திரையில் மகனின் படம் இருந்தது, கல்யாணத்தன்று மாலையோடு எடுத்தது. அதை அணைத்துச் சட்டைப் பையில் போட்டார். பிறகு இளமதியைப் பார்த்தார்.

"என் போனையே எடுக்க மாட்டேங்குறான் ஆத்தா" என்றார்.

"தெரியும் மாமா" என்றாள் அவள்.

அவர் எழுந்தார். கொஞ்சம் தள்ளாடியது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "இங்க பாருங்க சம்பந்தி. நான் இந்த வீட்டுல பச்சத் தண்ணி குடிக்கல. வந்தேன், கேட்டேன், இல்லன்னுட்டீங்க, எந்திரிச்சு வந்துட்டேன். வெளங்குதா? கறம்பக்குடியில அப்படித்தான் சொல்லுவேன். யாரு கேட்டாலும் நீங்களும் அப்படித்தான் சொல்லணும். அந்தப் பாட்டிலையெல்லாம் கண் காணாம ஆக்கிருங்க. அப்படின்னாத்தான் நாளைக்குப் பின்ன ஒரு நல்லது கெட்டதுக்கு நாம மூஞ்சில முழிக்க முடியும்."

"சாப்புடாமயா போவீங்க?" என்றாள் சொர்ணவல்லி. கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"சாப்புட முடியாதும்மா. கோழி வாசம் கொல்லுது. இருந்தாலும் முடியாது." வாசல்வரை போனவர் திரும்பினார். "ஏலக்கா இருக்கா? வாய் நாத்தம் போகணும்."

இளமதி ஓடிப்போய்க் கொண்டுவந்தாள். வாயில் போட்டுக்கொண்டு, "இதையும் கணக்குல சேக்க வேணாம்" என்றார். ஒரு கணம் சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது. பூவைத் திரும்பக் கேட்கவில்லை.

கார் வரும்வரை ஆத்மநாதன் அவரோடு தெருமுனையில் நின்றார். வெயில் உறைத்தது. டவுன் பஸ் ஒன்று நின்று போயிற்று. கார் வந்ததும் முத்துராமன் ஏறி, கண்ணாடியை இறக்கி, "மழை பேஞ்சாச் சொல்லுங்க" என்றார்.

வீட்டில் மூன்று பேரும் சேர்ந்து சாப்பிட்டார்கள். வெகுநேரம் தட்டுச் சத்தம் மட்டும் இருந்தது.

"கோதுமையில பீர் செய்வாங்கன்னு எனக்குத் தெரியாதுப்பா" என்றாள் இளமதி.

ஆத்மநாதன் அவளை நிமிர்ந்து பார்த்தார். "எனக்கும் தெரியாதும்மா" என்றார். வேறு ஏதோ சொல்ல வாயெடுத்து, குழம்பை ஊற்றிக்கொண்டார். அவள் காத்திருந்தாள். பிறகு தன் தட்டைப் பார்த்துச் சாப்பிடத் தொடங்கினாள்.

மிச்சமிருந்த பாட்டில்களைச் சொர்ணவல்லி தென்னைமரத்தடியில் கொட்டினாள். முத்துராமன் அந்த வீட்டில் கை நனைக்காமல் எழுந்து வந்தார் என்றுதான் கறம்பக்குடியில் இன்றைக்கும் சொல்கிறார்கள். சர்க்கரை வியாதி வந்ததால் அவர் பீரை விட்டுவிட்டார், மனைவிக்கு முடியாமல் போக, சமையலும் அவர்தான். விக்ரம் அடுத்த விடுப்பில் வந்து விவாகரத்துக்குக் கோர்ட்டில் சம்மதம் சொல்லிக் கையெழுத்துப் போட்டான். இளமதியிடம் நல்லா இரு என்றானாம். இப்போது மலேசியாவில் இருக்கிறான். சவரியப்பன் தோப்பைக் குத்தகைக்கு விட்டுவிட்டு மகளோடு திருச்சிக்குப் போய்விட்டார். இளமதி கீரனூர் மெடிக்கலில் வேலை பார்க்கிறாள். காலையில் பஸ்ஸில் போய்ச் சாயங்காலம் வருகிறாள். மறுகல்யாணப் பேச்சை இன்னும் எடுக்கவிடவில்லை. சொர்ணவல்லிக்கு முழங்கால் வலி. ஆத்மநாதன் அதே கடையில் காயில் கட்டுகிறார். முன்பு பேசின அளவுதான் பேசுகிறார்.